லாடக்காரர் வராத துறைமுகம்

கண்ணால் காண்பதற்கு முன்பே அதன் ஓசை எங்களை எதிர்கொண்டது. காயல்பட்டினத்திலிருந்து ஆறுமுகநேரி செல்லும் சாலையைவிட்டு விலகி, ஒரு தென்னந்தோப்பின் மணற்பாதையில் நாங்கள் நால்வரும் நடந்துகொண்டிருந்தோம். ஓசை ஏறியது, உச்சத்தில் ஒரு கணம் நின்றது, பிறகு மூர்ச்சையாகிறவனைப் போலச் சரிந்தது, இதோ அணைந்துவிடும் என்று எண்ணிய நொடியில் மீண்டும் ஏறியது. இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை இதே ஏற்றம், இதே இறக்கம். எங்களுள் இசை அறிந்த நண்பர் ஒருவர், "இது என்ஜினா, ஆலாபனையா?" என்று கேட்டார்.

நாங்கள் அங்கே போனது என்ஜினுக்காக அன்று. பாண்டியர் காலத்தில் காயல் துறையில் வந்திறங்கிய அரபுக் குதிரைகளைப் பற்றி எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்காக ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், தோப்புக்காரரான எங்கள் நண்பரின் அழைப்பை ஏற்று இளநீர் குடிக்கப் போனோம். கடல்கடந்து பல்லாண்டு வணிகம் செய்து ஊர் திரும்பியவர் அவர். வயதில் மூத்தவராதலால் ஊர் வழக்கப்படி அவரைக் 'காக்கா' என்றே அழைப்போம். (காயலில் காக்கா என்றால் அண்ணன். பறவையை நினைத்துச் சிரிக்கும் வெளியூர் வாசகர்கள் பொறுத்தருள்க.)

ஓசைக்கு உரிய பொருள் தோப்பின் நடுவே நின்றது: நான்கு சக்கரங்கள், ஒரு இருக்கை, வயிற்றுக்கடியில் தகட்டு மூடிக்குள் சுழலும் அலகுகள். ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி. எங்கோ ஓர் ஓய்வு விடுதி கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்திருக்கிறார் காக்கா. தென்னைக்கு அடியில் ஆளுயரம் மண்டும் புல்லை வெட்ட ஆள் கிடைப்பதில்லை என்பது அவருடைய நியாயம். வண்டியோடு கையேடு வரவில்லை. அதை ஓட்டியவரும் வரவில்லை. ஒரு மழைக்காலம் முழுதும் கொட்டகையில் நின்றுவிட்டு, கிளப்பியபோது இப்படி ஏறி இறங்கத் தொடங்கியிருக்கிறது. முதலில் வந்து பார்த்த பழுதுநீக்குநர் (ஊரும் பேரும் வேண்டாம்) "கவர்னர் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது" என்று சொல்லி அதை இழுத்து இறுக்கிவிட்டுப் போனாராம். அன்று முதல் ஏற்றமும் கூடிற்று, இறக்கமும் கூடிற்று. "குதிர வாங்கினா இப்படித்தான் போல. ஏறி உக்காந்தா தள்ளிவிடப் பாக்குது" என்றார் காக்கா.

அவர் விளையாட்டாகச் சொன்ன குதிரையிலேயே எங்கள் கட்டுரை தொடங்கியது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, காயலை மேற்கிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் யாவும் அணையும் துறை என்கிறார். ஹொர்முஸ், கீஷ், ஏடன் முதலான இடங்களிலிருந்து அவை வந்தன. (அந்தக் காயல் தாமிரபரணியின் முகத்துவாரத்தை அடுத்த பழையகாயலே என்று 1870களில் அங்கும் கொற்கையிலும் அகழ்ந்து பார்த்த கால்டுவெல் வாதிட்டார். காயல்பட்டினத்தார் அதனை ஒப்புவதில்லை. இரண்டும் சில கல் தொலைவில் இருப்பவை. நம் பொருளுக்கு இவ்வழக்கின் தீர்ப்புத் தேவையில்லை.) மாபர் நாட்டை ஆண்ட ஐந்து சகோதரர்களும் ஆண்டுதோறும் ஆளுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு எஞ்சாது என்றும் போலோ எழுதுகிறார். காரணம், இங்கே குதிரை வைத்தியம் அறிந்தவரோ லாடம் கட்டுபவரோ இல்லை. அடுத்து அவர் சொல்வதுதான் நம்மைத் திடுக்கிட வைப்பது. குதிரை விற்கும் வணிகர்கள் லாடக்காரர்களைத் தங்களோடு அழைத்து வருவதில்லை; யாரும் வந்துவிடாமலும் பார்த்துக்கொள்கிறார்கள். குதிரைகள் செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்!

போலோவின் கூற்றில் பயணியின் மிகை இருக்கலாம். ஆனால் சற்றுப் பின்னர், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தனியே எழுதிவைத்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. கீஷ் தீவின் ஜமாலுத்தீன் என்னும் பெருவணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்படிக்கை செய்திருந்தார். குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மானே பாண்டியரின் சார்பில் காயல் உள்ளிட்ட துறைகளின் பொறுப்பில் இருந்தார். அதாவது விற்பவரும் வாங்குவதை மேற்பார்ப்பவரும் ஒரே குடும்பம்! வந்திறங்கிய குதிரைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் வஸ்ஸாஃப் விவரிக்கிறார். பச்சை வாற்கோதுமைக்குப் பதில் வறுத்த தானியத்தையும் நெய்யில் சமைத்த உணவையும் ஊட்டி, காய்ச்சிய பாலைப் புகட்டினார்கள். நாற்பது நாள் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்தார்கள். பிறகு பழக்காமலே மேலேறி விரட்டினார்கள். மிக வேகமான குதிரையும் சில நாளில் சோர்ந்து உதவாததாயிற்று.

நெய்ச்சோறு ஊட்டியவர்களுக்குக் குதிரையின்மேல் பகையில்லை. அன்பாகத்தான் ஊட்டியிருப்பார்கள். எது அதன் வயிற்றுக்கு ஏற்கும் என்று சொல்ல ஆளில்லை, அவ்வளவே. இதைப் படித்துவிட்டுக் காக்காவின் வண்டியைத் திரும்பப் பார்த்தபோது, ஸ்பிரிங்கை இறுக்கியவர்மீது எங்களுக்கு இருந்த கோபம் சற்றுத் தணிந்தது.

புல்வெட்டும் இயந்திரத்துக்கும் குதிரைக்கும் உள்ள உறவு உவமையளவில் நிற்பதன்று. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில், கம்பளி ஆலைகள் மிகுந்த ஸ்ட்ரவுட் என்னும் ஊரில், எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நெய்த கம்பளியின் மேற்பரப்பிலுள்ள மயிரை ஒரேசீராகக் கத்தரிக்கும் சுழல் அலகைப் பார்த்து, அதையே புல்லுக்கும் பயன்படுத்தலாமே என்று அவருக்குத் தோன்றியது. சிறியதை ஆள் தள்ளினான். பெரியதைக் குதிரை இழுத்தது. குளம்பு புல்வெளியில் தடம் பதிக்காதிருக்கக் குதிரைகளுக்குத் தோலால் காலணி தைத்து மாட்டினார்கள். 1902இல் ரான்ஸம்ஸ் நிறுவனம் பெட்ரோல் என்ஜின் பூட்டிய இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததோடு குதிரை மெல்ல விடைபெற்றது. 'குதிரைத்திறன்' என்ற அளவு மட்டும் என்ஜினின் மேலுறையில் ஒட்டிக்கொண்டது. ஆனால் குதிரை தன்னிடம் வைத்திருந்த ஒன்றை என்ஜின் பெற்றிருக்கவில்லை. சுமை கூடினால் எவ்வளவு உன்னுவது, சுமை குறைந்தால் எப்போது அடங்குவது என்ற அறிவு. புல் அடர்ந்த இடத்தில் என்ஜின் திணறி நிற்கும். புல் இல்லாத இடத்தில் கட்டவிழ்ந்து ஓடும். இந்த அறிவை அதற்கு வெளியிலிருந்து பூட்டவேண்டியிருந்தது. அதன் பெயர்தான் கவர்னர்.

கவர்னரின் கதை புல்லைவிடப் பழையது. காற்றாலைகளில் காற்று கூடிக் குறையும்போது மாவரைக்கும் கற்களின் இடைவெளியைச் சரிசெய்ய, சுழலும் குண்டுகள் இரண்டைக் கொண்ட ஒரு பொறி 18ஆம் நூற்றாண்டில் வழக்கிலிருந்தது. லண்டனின் ஆல்பியன் ஆலையில் அத்தகைய பொறியைக் கண்ட மேத்யூ போல்டன், 1788இல் தம் கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்கு அதைப்பற்றி எழுதினார். வாட் அதனை நீராவி என்ஜினுக்கு மாற்றியமைத்தார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலெழும். எழும்போது நீராவிக் கதவைச் சற்றுச் சாத்தும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், கதவு திறக்கும். என்ஜின் தன் வேகத்தைத் தானே கேட்டு, தன் உணவைத் தானே அளந்துகொள்கிறது.

அடுத்த தலைமுறையில் ஒரு விந்தை நேர்ந்தது. தொழிற்சாலைகளின் வேலைப்பாடு மேம்பட, இணைப்புகள் வழுவழுப்பாயின, உராய்வு குறைந்தது. என்ஜின்கள் பெரிதாயின. அப்போது பல கவர்னர்கள் வேகத்தை நிலைநிறுத்துவதற்குப் பதிலாக ஏற்றியும் இறக்கியும் ஆட்டத் தொடங்கின. ஆங்கிலத்தில் இதற்கு 'வேட்டையாடுதல்' என்று பெயர் வைத்தார்கள். சரியான வேகத்தைத் துரத்திக்கொண்டே போய், அதைத் தாண்டிவிட்டு, திரும்பி ஓடிவருதல். மின்காந்தவியலின் மேதையான ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868இல் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரை இக்கேள்வியைக் கணிதத்தால் ஆராய்ந்தது. ஓர் அசைவு நேர்ந்தபின் நான்கில் ஒன்றுதான் நடக்கும் என்றார் அவர். அசைவு நேராகவே பெருகிக்கொண்டு போகலாம், நேராகவே தேய்ந்து மறையலாம். அல்லது ஊசலாட்டம் வரவர வளரலாம், வரவர அடங்கலாம். ரஷ்யப் பொறியாளர் விஷ்னெகிராட்ஸ்கி 1876இல் இன்னும் கறாராக, உராய்வு இல்லையேல் கவர்னரும் இல்லை என்று காட்டினார். கொஞ்சம் தயக்கம் இருந்தால்தான் நிதானம் வரும் என்பதைச் சமன்பாடாக எழுதியவர் அவர்!

இங்கே சொல் ஒன்றின் பயணத்தையும் சொல்லிவிடவேண்டும். சென்னைக் கோட்டையில் அமர்ந்து நம்மை ஆண்டவரையும், கிணற்றடி ஆயில் என்ஜினில் சுழன்ற இரும்புக் குண்டையும் நம் முன்னோர் 'கவர்னர்' என்ற ஒரே சொல்லால் அழைத்தார்கள். அச்சொல்லின் வேர் அதிகாரத்தில் இல்லை, கப்பலில் இருக்கிறது. கிரேக்கத்தில் குபெர்னேத்தேஸ் என்றால் சுக்கான் பிடிப்பவன். அது லத்தீனில் குபெர்நாத்தோர் ஆகி, ஆங்கிலத்தில் கவர்னர் ஆயிற்று. நார்பர்ட் வீனர் 1948இல் தம் புதிய துறைக்கு 'சைபர்னெடிக்ஸ்' என்று பெயரிட்டபோது, மேக்ஸ்வெல்லின் கட்டுரையை நினைந்தே அந்தக் கிரேக்கச் சொல்லைத் தேர்ந்ததாக எழுதினார். தமிழில் அவனுக்கு மீகாமன் என்று பெயர். நாளடைவில் அந்த இடத்துக்கு வந்த 'மாலுமி', அரபியில் வழிகாட்டும் கப்பலோட்டியைக் குறிக்கும் முஅல்லிம் என்பதன் திரிபு. 'சுக்கான்' என்பதும் அரபிதான். குதிரைக் கப்பல்கள் வந்தணைந்த இந்தக் கரைகள் வழியாக நமக்குக் கிடைத்த சொற்கள் அவை. லாடக்காரரை இறக்கிவிடாமல் போன கப்பல்கள், மாலுமியின் பெயரையாவது விட்டுச் சென்றனவே!

மாலுமியின் வேலை என்ன? கப்பலை நேராக ஓட்டுவது என்போம். உண்மையில் கப்பல் ஒருபோதும் நேராக ஓடுவதில்லை. சற்று விலகும், அவன் சற்றுத் திருப்புவான், மறுபுறம் விலகும். புதியவன் சுக்கான் பிடித்தால் அதிகம் திருப்பிவிடுவான், பிறகு பதறி எதிர்ப்புறம் இன்னும் அதிகம் திருப்புவான். கப்பல் பாம்பாய் நெளியும். அப்போது குற்றம் அவன் கையிலா, காற்றிலா, பாயிலா என்று பிரித்தறிவதுதான் வித்தை.

அந்த வித்தை நம் நாட்டுக்கு வந்த வழி ஒன்றுண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர், கிணற்றுப் பாசனத்துக்கு ஆயில் என்ஜினையும் பம்பையும் அறிமுகப்படுத்தும் முயற்சியில் இறங்கினார். கவலை ஏற்றத்தில் மாடு இழுத்த இடத்தில் என்ஜின் இறைக்கவேண்டும். அவர் இதில் செய்த மேலான காரியம், என்ஜினை மட்டும் கொண்டுவரவில்லை என்பதே. கிணற்றைச் சோதிக்க, நிறுவித் தர, பழுதுபார்க்க என்று ஆட்களையும் சேர்த்தே ஏற்பாடு செய்தார். விவசாயிக்கு அரசுக் கடனும் கிடைத்தது. 1908இல் தொழில்துறை இயக்குநரானார். 1910இல், அரசு தொழில்களில் நேரடியாக இறங்குவதை லண்டனிலிருந்த இந்திய அமைச்சர் மார்லி ஏற்க மறுத்தார். சாட்டர்டன் 1912இல் மைசூர் அரசுப் பணிக்குப் போய்விட்டார். ஆனாலும் பம்பு ஊன்றிவிட்டது. குதிரை வணிகர்களுக்கும் சாட்டர்டனுக்கும் இடையிலிருந்த அறுநூறு ஆண்டுகளில் லாடக்காரரைச் சேர்த்தே அழைத்துவந்த இறக்குமதிகள் மிகச் சிலவே என்பது எங்கள் எண்ணம். அவ்வகையில் அவர் நினைக்கப்பட வேண்டியவர்.

பின்னாளில் கிணற்றடிக்கு வந்த டீசல் என்ஜின்களில் புகழ்பெற்றது லிஸ்டர். பட்டிங்கின் ஸ்ட்ரவுட்டுக்குச் சில கல் தொலைவில், அதே குளோஸ்டர்ஷயரில், டர்ஸ்லி என்னும் ஊரில் பிறந்தது அது. 1930 வாக்கில் 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 600 சுற்று. பின்னர் 6 குதிரைத்திறன், 650 சுற்று. இங்கிலாந்தில் அதன் உற்பத்தி நின்ற பின்னும் ராஜ்கோட் பட்டறைகள் அதே வார்ப்பில் ஊற்றிக்கொண்டிருந்தன. 650 சுற்று என்றால் நான்குவீச்சு என்ஜினில் நிமிடத்துக்கு 325 வெடிப்பு. நொடிக்கு ஐந்து, ஐந்தரை. மனிதக் காது எண்ணக்கூடிய வேகம்! ஒரு வெடிப்புத் தவறினாலும் வரப்பில் படுத்திருப்பவன் எழுந்து உட்கார்வான். எங்களுள் மூத்தவர்களின் பிள்ளைப்பருவத்தில் ஆத்தூர் வெற்றிலைக்கொடிக்கால் பக்கம் இரவில் கேட்ட ஒலி இதுவே. வேகம் மாறினால் தூக்கத்திலேயே தெரிந்துவிடும் என்று எங்கள் நண்பரின் தாத்தா சொல்வாராம்.

அந்தக் காதுகள் எங்கே போயின? அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1944இல் தாமிரபரணியின் தலைமாட்டில் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பிறகு கம்பிகள் வயலுக்கு வந்தன. 1990 வாக்கில் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. மின்மோட்டாருக்குத் தனியே கவர்னர் கிடையாது. மின்சாரத்தின் அதிர்வெண் என்னவோ அதுவே அதன் வேகம். அதிர்வெண்ணைக் காப்பதோ மின்நிலையத்தின் வேலை. அங்கே விசையாழிக்கு ஒரு கவர்னர் உண்டு. அது ஆற்றுநீரின் கதவைத் திறந்து சாத்துகிறது. ஆக, கிணற்றடியிலிருந்த மாலுமி மலையேறிப் போய்விட்டான் எனலாம். 2013ஆம் ஆண்டின் கடைசி நாளில் தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற தொகுப்புகளோடு இணைந்த பின்னர், ஆத்தூர் மோட்டாரும் அமிர்தசரஸ் மோட்டாரும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டவை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கவர்னர் என்பது என்னவென்றே அறியாமல் ஒரு தலைமுறை விவசாயம் செய்துவிட்டது. அத்தலைமுறையின் தோப்பில் இப்போது ஏலத்தில் எடுத்த என்ஜின் ஒன்று நிற்கிறது.

நல்லவேளையாக, கடல் அவ்வாறு கம்பியோடு பிணைக்கப்படவில்லை. வள்ளங்களில் என்ஜின் ஓடும்வரை அதைக் கேட்கும் காதும் இருக்கும். சிங்கித்துறையிலிருந்து வள்ளத்து என்ஜின் பார்க்கும் முதியவர் ஒருவரை மறுநாள் காலை காக்கா அழைத்துவந்தார். எல்லாரும் 'அண்ணாச்சி' என்றார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். வந்தவர் ஸ்பானரை எடுக்கவில்லை. பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு வண்டியைக் கிளப்பச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சற்றுநேரம் நின்றார்.

முதலில் சோக்கைப் பாதி இழுத்தார். காற்று குறைந்து எரிபொருள் கூடியதும் ஏற்ற இறக்கம் பாதியாகத் தணிந்தது. பின்னர் கவர்னரின் கம்பியை மீறி, கார்புரேட்டரின் கதவை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டார். கவர்னர்தான் குற்றவாளி என்றால், அதன் கையைக் கட்டியதும் வேகம் சீராகவேண்டும். சீராகவில்லை. விரல் அசையாதபோதும் என்ஜின் விக்கிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி காக்காவைப் பார்த்துச் சொன்னார்: "பாய், கவர்னர் பாவம், அது மேல பழியப் போடாதீங்க. இதுக்கு வயித்துக்குச் சரியாப் போவல. அதான் மூச்சு வாங்குது."

எங்களுக்கு வஸ்ஸாஃபின் குதிரைகள் நினைவுக்கு வந்தன.

அவர் சொன்னதை எங்கள் மொழியில் விரித்தால் இவ்வாறு அமையும். இச்சிறு என்ஜின்களில் கவர்னர், எண்ணெய்க்குள் சுழலும் சிறு எடைகளாக உள்ளே ஒளிந்திருக்கிறது. வேகம் கூடினால் எடைகள் விரிந்து கார்புரேட்டர் கதவைச் சாத்த முயலும். வெளியே ஒரு ஸ்பிரிங் அதைத் திறக்க இழுத்துக்கொண்டிருக்கும். இவ்விரண்டின் இழுபறி எங்கே சமனாகிறதோ அதுவே வேகம். இப்போது கார்புரேட்டரின் சிறிய ஜெட் அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கதவு சாத்தியிருக்கும்போது என்ஜினுக்கு அவ்வழியேதான் உணவு. அது கிடைக்காமல் வேகம் சரிகிறது. கவர்னர் பதறிக் கதவை அகலத் திறக்கிறது. உடனே பெரிய வழியில் எரிபொருள் பாய்ந்து வேகம் எகிறுகிறது. கவர்னர் கதவைச் சாத்துகிறது. மறுபடியும் பட்டினி. மாலுமி சரியாகத்தான் திருப்புகிறான், பாய் கிழிந்திருக்கிறது. இந்நிலையில் ஸ்பிரிங்கை இறுக்குவது, பட்டினி கிடக்கும் குதிரையைச் சவுக்கால் அடிப்பது போலத்தான்.

அது வீண்வேலை மட்டுமன்று, ஆபத்தும்கூட. 20 அங்குல நீளமுள்ள அலகு நிமிடத்துக்கு 3,600 சுற்றில் சுழல்வதாகக் கொண்டால், அதன் நுனி நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,850 அடி பாய்கிறது. அமெரிக்கப் பாதுகாப்பு நெறி அனுமதிக்கும் உச்சம் 19,000 அடி. கல்லொன்று அகப்பட்டால் என்னவாகும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. காக்கா வாங்கிவைத்திருந்த சிறு சுற்றுமானியில் அன்று வண்டி 2,500க்கும் 3,900க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. மேலுறையில் பொறித்திருந்த எண்ணை வைத்து நாங்கள் தேடியெடுத்த கையேடு, சுமையில்லாத உச்சவேகம் 3,300 என்கிறது.

அண்ணாச்சி பெட்ரோல் மூடியைத் தளர்த்திப் பார்த்தார். மாற்றமில்லை, ஆகவே மூடியின் காற்றுத்துளை அடைக்கவில்லை. கார்புரேட்டரும் என்ஜினும் சேரும் விளிம்பில் சில துளி என்ஜின் ஆயிலை விட்டார். ஒரு கணம் வேகம் நிதானித்தது. எண்ணெய் உறிஞ்சப்பட்டதும் பழையபடி ஆயிற்று. அங்கே கேஸ்கட் வழியே காற்று கள்ளத்தனமாக நுழைகிறது என்று பொருள். அதன்பிறகுதான் ஸ்பானர் வெளியே வந்தது. கழற்றிய கார்புரேட்டர்க் கிண்ணத்தின் அடியில் பிசுபிசுப்பான படிவு. ஓரத்தில் வெண்பச்சைத் துரு. எதிரே ஜெட்டைச் சூரியனுக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஒளி வரவில்லை.

மழைக்காலம் முழுதும் தொட்டியில் நின்ற பெட்ரோலின் வேலை அது. நம் நாட்டில் 2003இல் 5 விழுக்காடாகத் தொடங்கிய எத்தனால் கலப்பு, 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் நீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். உப்பளக் காற்று வீசும் இக்கரையில் அலுமினியத்துக்கு அது கேடு. மேலும், வெறும் பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட்டில் இக்கலவை அதே அளவு போனால் என்ஜினுக்குச் சற்றுக் குறைவாகவே உண்ட கணக்கு. புதிய என்ஜின்களுக்கு இது பொருட்டல்ல. பழையனவற்றை நிறுத்திவைக்கும்போது தொட்டியையும் கிண்ணத்தையும் வற்றவிட வேண்டும். ஓய்வு விடுதியில் இதை ஓட்டியவருக்கு இது தெரிந்தே இருக்கும். அவரைத்தான் யாரும் ஏலத்தில் விடவில்லையே.

ஜெட்டைக் குத்த அண்ணாச்சி எஃகு ஊசியைத் தொடவில்லை. மின்கம்பியைச் சீவி அதிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்தார். எஃகு துளையைப் பெரிதாக்கிவிடும், செம்பு அழுக்கை மட்டும் எடுக்கும் என்றார். கேஸ்கட் தாளை விளிம்பின்மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டத் தட்ட, விளிம்பின் வடிவிலேயே தாள் வெட்டுப்பட்டு வந்தது. எங்களுள் ஒருவர் அதைப் படமெடுக்க மறந்து வாய்பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கவர்னருக்கு வந்தார். ஸ்பிரிங் மாட்டும் தகட்டில் வரிசையாய்ச் சில துளைகள். அவற்றுள் ஒன்றன் விளிம்பு மட்டும் தேய்ந்து பளபளத்தது. "இதுதான் அது பொறந்த வீடு" என்று ஸ்பிரிங்கை அங்கே திருப்பி மாட்டினார். கவர்னர்க் கையின் மரையைத் தளர்த்தி, கதவை முழுதும் திறந்து பிடித்து, உள்ளிருந்து வரும் தண்டையும் அதே திசையில் இயன்றவரை திருப்பி, அப்படியே இறுக்கினார். இடையில் வெற்றாட்டம் இல்லாமல் செய்வதற்கு இது.

கிளப்பியபோது வந்த ஒலி எங்களை ஏமாற்றியது என்றே சொல்லவேண்டும், அவ்வளவு சாதாரணமாக இருந்தது. சுற்றுமானி 3,280 காட்டியது. அண்ணாச்சி அதைப் பார்க்கவில்லை. 3,300 சுற்றில் நொடிக்கு 27, 28 வெடிப்பு. லிஸ்டரைப் போல எண்ண முடியாது. தனித்தனி வெடிப்புகள் கரைந்து ஒரு தாழ்ந்த சுருதியாகிவிடுகின்றன. "எண்ண முடியாதுல்லா, எப்படிப் புடிக்கீங்க?" என்று கேட்டார் காக்கா. "பாட்டுக்காரன் சுதிய எண்ணியா பாக்கான்?" என்றார் அவர். ஆலாபனை என்று கேலிசெய்த நண்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

காக்கா ஏறி அமர்ந்து, வரிசை ஒன்றை வெட்டிக்கொண்டு போனார். வாய்க்கால் ஓரம் புல் அடர்ந்த இடத்தில் ஒலி ஒரு நூலளவு தாழ்ந்தது. உடனே உள்ளே ஏதோ உன்னிக்கொண்டது. மீண்டும் பழைய சுருதி. அந்த நூலளவுத் தாழ்வு கவர்னரின் இயல்பு. வாட் காலத்திலிருந்தே அது உண்டு. சுமை வந்ததை அறிய அதற்கு வேறு வழியில்லை.

கூலியை வாங்கி மடியில் செருகிக்கொண்ட பிறகும் அண்ணாச்சி புறப்படவில்லை. காக்காவின் பேரனை அழைத்து, அழியாத மை உள்ள பேனா இருக்கிறதா என்று கேட்டார். இருக்கையைத் தூக்கி, அடியிலிருந்த தகட்டைத் துணியால் துடைத்து, அவனையே எழுதச் சொன்னார்: தேதி, ஸ்பிரிங், இடமிருந்து இரண்டாம் துளை, 3,280, கேஸ்கட் புதிது, மழைக்கு முன் பெட்ரோலை வற்றவிடவும். "யார் வந்தாலும் மொதல்ல சீட்டத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க, பாய்" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்திலிருந்த கெட்ட பெட்ரோலை ஒரு குப்பியில் ஊற்றிக் கையோடு எடுத்துப் போனார். இரும்பைக் கழுவ ஆகுமாம்.